மூன்று சக்கரம் நான்கான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஆனைமலைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டினார்.

"தோப்புக்குள்ள சும்மா ஓட்டறதுக்கு ஏ.டி.வி. ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க மாமா. ரெண்டு பாத்து வெச்சிருக்கறேன். எது தேவலைன்னு சொல்லுங்க."

ஏ.டி.வி. என்றால் ஊட்டி, ஆனைகட்டிப் பக்கத்து ரிசார்ட்டுகளில் பார்த்திருப்பீர்கள். நான்கு குண்டு டயர், பைக்கைப் போல ஹேண்டில்பார், நடுவில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு சீட். மாப்பிள்ளை காட்டியதில் ஒன்று 250 சிசி, பெரிய கம்பெனி வண்டி, கை மாறியது. இன்னொன்று 90 சிசி, புதிது, சின்னது. விலை பழைய பெரிய வண்டிக்குத்தான் அதிகம். இருந்தாலும் அவர் மனசு அதில்தான் இருந்தது.

"வளர்ற பையனுங்க மாமா. ரெண்டு வருசத்துல எம்பட ஒசரம் வந்துருவான். பெருசா வாங்கிட்டா நானும் ஓட்டிக்கலாம், அவனும் ஓட்டிக்குவான். சின்னது வாங்குனா அப்பறம் வீணாப் போயிருமுங்க."

பேரனுக்கு 13 வயது. "அப்புச்சி, பெருசே வாங்கச் சொல்லுங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது நாம் எல்லோரும் சொல்வதுதான் இது: "வளர்ற பையன், ஒரு அளவு பெருசாவே தைச்சுருங்க." சட்டைக்கு அது சரி. வண்டிக்குச் சரிதானா? வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும். அன்று திண்ணையில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம்மூரிலிருந்தே தொடங்குகிறேன். கொங்கு நாட்டில் முதல் வண்டி வாங்கிய கதை என்றால் ஜி.டி. நாயுடுவின் கதைதான். சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊர்ப் பக்கம் வந்ததைப் பார்த்து, அந்த இயந்திரத்தின் மேல் தீராத ஆசை கொண்டார். ஆசைப்பட்டவுடன் வாங்கும் வசதி இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். வாங்கியதும் ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. அக்கு அக்காகப் பிரித்தார். மறுபடி பூட்டினார். ஒவ்வொரு திருகும் எதற்கு என்று தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் பஸ். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சின்ன இயந்திரத்தைக் கைக்குள் கொண்டுவந்த பிறகு பெரிய இயந்திரம் என்பதுதான் அவர் போன வரிசை.

நம்முடைய தலைமுறையின் முதல் வண்டி வேறு. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட், 50 சிசி. பட்டணத்தில் அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நம் பக்கத்தில் அதைக் கேலி செய்ய முடியாது. முன்னால் தீவனக் கட்டு, பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன், சொசைட்டிக்குப் போகிற நேரத்தில் மண் தடத்தில் அதன் சத்தம் கேட்காத ஊர் இருந்ததா? இரு பக்கமும் வேலி வைத்த இட்டேரி, உழுத காட்டின் ஓரம், வாய்க்கால் கரை என்று எல்லா இடத்திலும் போனது. 'எல்லா நிலத்திலும் ஓடும் வண்டி' என்பதுதான் ஏ.டி.வி. என்ற மூன்று எழுத்துக்கு அர்த்தம். அந்தக் கணக்கில் கொங்கு நாட்டின் முதல் ஏ.டி.வி. டி.வி.எஸ். 50தான் என்று நான் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவர் வீட்டு வாசலிலேயே ஒரு எக்ஸ்.எல். நிற்கிறது.

இனி உண்மையான ஏ.டி.வி. எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். நம் வண்டி உழைப்புக்காக வந்தது. அது விளையாட்டுக்காக வந்தது.

1960களில் கனடாவில் ஆறு சக்கரம் வைத்து, நிலத்திலும் நீரிலும் போகிற சின்ன வண்டிகள் வந்தன. குண்டான டயரில் காற்றைக் குறைவாக வைத்தால் சேற்றிலும் மணலிலும் புதையாது என்பதை அவை காட்டின. அமெரிக்காவில் ஹோண்டா கம்பெனிக்கு அப்போது வேறொரு கவலை இருந்தது. குளிர்காலம் வந்தால் பனியில் யாரும் பைக் வாங்குவதில்லை; டீலர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாதங்களிலும் விற்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று 1967இல் அங்கிருந்து ஜப்பானுக்குக் கேட்டு எழுதினார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளரிடம் அந்த வேலை வந்தது. அவர் இரண்டு சக்கரம், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எல்லாவற்றையும் செய்து ஓட்டிப் பார்த்தார். பனி, சேறு, மணல் மூன்றிலும் லேசாகத் திரும்பியது மூன்று சக்கரம்தான். செலவும் குறைவு. 1970இல் அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பெயர் யு.எஸ்.90. என்ஜின் 89 சிசி. விலை 595 டாலர். டயரில் காற்று இரண்டு பவுண்டு அளவுதான். டயரே ஸ்பிரிங் வேலையையும் பார்த்துக்கொண்டது.

விளையாட்டுக்கு வந்ததை அமெரிக்க விவசாயிகள் பிடித்துக்கொண்டார்கள். டிராக்டரை எடுக்க வேண்டாத சின்ன வேலைக்கு, வேலியைச் சுற்றிப் பார்க்க, மாட்டை ஓட்ட வசதியாக இருந்தது. நாம் உழைப்பில் தொடங்கி இப்போது விளையாட்டுக்கு வருகிறோம். அவர்கள் விளையாட்டில் தொடங்கி உழைப்புக்குப் போனார்கள்.

விற்பனை ஏற ஏற மற்ற கம்பெனிகளும் இறங்கின. என்ஜின் பெருத்தது, வேகம் கூடியது. 1970இல் 89 சிசி. 1980களின் நடுவில் 250, 350 சிசி மூன்று சக்கர வண்டிகள். பார்த்தால் பெரிய பொம்மை மாதிரி இருக்கும். ஓட்டுவதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தினால் போகும் என்ற எண்ணம் பரவியது. அதுதான் ஆபத்தாக முடிந்தது.

காரில் பின் சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் சுற்றும். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும் என்பதால் அதற்கு ஏற்பாடு உண்டு. இந்த வண்டிகளில் பின்னால் ஒரே இறுகிய அச்சு. ஓட்டுபவர் தன் உடம்பைச் சரியான பக்கம் சாய்த்து, உள்பக்கச் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் ஒழுங்காகத் திரும்பும். பழகாதவர்கள் வளைவில் நேராக உட்கார்ந்திருப்பார்கள். வண்டி குப்புற விழும். இன்னொன்று, பைக் ஓட்டிப் பழகியவர்கள் வண்டி சாய்கிற மாதிரி இருந்தால் காலைத் தரையில் ஊன்றுவார்கள். ஊன்றிய காலின் மேல் பின் சக்கரம் ஏறிவிடும். சைக்கிளில் நம்மைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே காலை ஒடித்தது.

1980களில் அமெரிக்காவில் இப்படிப் பல நூறு பேர் இறந்தார்கள். அவர்களில் 16 வயது நிரம்பாத பிள்ளைகள் பெரும் பங்கு. பெரியவருக்குச் செய்த வண்டியில் சிறுவர் ஏறியதே பல விபத்துகளுக்குக் காரணம் என்று தெரிய வந்தது.

இதற்கிடையே 1982இல் சுசுகி நான்கு சக்கரம் வைத்து குவாட்ரன்னர் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 125 சிசி, ரிவர்ஸ் கியரோடு. ஹோண்டா 1984இல் நான்கு சக்கரத்துக்கு வந்தது. 1985இல் அமெரிக்காவின் போலாரிஸ் கம்பெனியும் இறங்கியது. கடைசியில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 1988 ஏப்ரலில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஐந்தும் பத்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டன. புதிய மூன்று சக்கர வண்டி விற்கக் கூடாது. வாங்குபவருக்குப் பயிற்சி தர வேண்டும். எச்சரிக்கை ஒட்ட வேண்டும். வயதுக்கு ஏற்ற அளவைச் சொல்லி விற்க வேண்டும். 2008இல் வந்த சட்டம் மூன்று சக்கரத்தை முழுமையாகவே தடுத்துவிட்டது.

அந்த 1988 ஒப்பந்தத்தில் நாம் கவனிக்க வேண்டியது வயதுக் கணக்கு. 12 வயதுக்குக் கீழே என்றால் 70 சிசிக்குக் குறைவு. 12 முதல் 15 வரை 70 முதல் 90 சிசி. 90 சிசிக்கு மேல் என்றால் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். இப்போது சிசிக்குப் பதிலாக வண்டியின் உச்ச வேகத்தை வைத்து வகை பிரிக்கிறார்கள். அளவுகோல் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: வயதுக்கு ஒரு வண்டி.

மூன்று சக்கரம் நான்கானதும் ஆபத்து தீர்ந்ததா என்றால், குறைந்தது, தீரவில்லை. 250 சிசி வண்டி இருநூறு கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். வளைவில் ஓட்டுபவரின் உடம்புதான் அதைச் சமன் செய்ய வேண்டும். 75 கிலோ மனிதர் சாய்ந்தால் வண்டி கேட்கும். 38 கிலோ பையன் சாய்ந்தால் கேட்காது. கவிழ்ந்தால் அவனால் அதைத் தூக்கவும் முடியாது. மாப்பிள்ளையின் யோசனையில் உள்ள ஓட்டை இதுதான். ஒரே வண்டியை அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து வாங்க முடியாது.

"நம்ம ஊர்ல யாருங்க மாமா இதெல்லாம் பாக்கறாங்க?" என்றார்.

பார்க்கிறோம் மாப்ள, என்றேன். ரேக்ளா பந்தயத்தில் காளையின் வயதைப் பார்த்துத்தானே 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரிக்கிறார்கள்? பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது இளங்காளையைப் பெரிய தூரத்தில் விடுவார்களா? காளைக்குப் பார்க்கிற வயதைப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டாமா?

இன்னொரு உதாரணமும் சொன்னேன். கோவைக்காரர் கரிவரதன். பந்தயக் கார் என்றால் பெரும் பணக்காரர்களின் விளையாட்டு என்று இருந்த காலத்தில், மாருதி 800இன் 796 சிசி என்ஜினை வைத்து ஒற்றை சீட் பந்தயக் கார்களைச் செய்தார். பார்முலா மாருதி என்று பெயர். விலையும் எட்டும், உதிரிப்பாகமும் உள்ளூரிலேயே கிடைக்கும், புதிதாகப் பழகுபவரின் கைக்கும் அடங்கும். அந்த வரிசைக் காரில் பந்தயம் தொடங்கிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அப்போது அவர் பின்னால் இருந்தது 3,000 சிசி என்ஜின். 796இலிருந்து 3,000க்கு வர அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை; 1995இலேயே விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். உலக அளவில் ஓட்டியவரே சின்ன என்ஜினில்தான் தொடங்கினார் என்றதும் பேரன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஊரில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். சீட்டில் உட்கார்ந்தால் அவன் கால் முழுதாகத் தரையைத் தொடாது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது வண்டி சரிந்தது. திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை. அடுத்த பெயருக்குப் போனேன். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. அந்த அப்பா கெட்டவர் அல்ல. "வளர்ற பையன்தானே" என்று நினைத்தவர்.

சரி, இனி யாராவது தோட்டத்தில் நிதானமாக ஓட்ட ஒரு ஏ.டி.வி. வாங்குவதாக இருந்தால், இந்த வரலாற்றை வைத்து நான் சொல்வது:

முதலில் யார் ஓட்டப் போகிறார் என்று முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால், கியர் மாற்ற வேண்டாத, ரிவர்ஸ் உள்ள, 200, 250 சிசி வண்டியே நிதானமான ஓட்டத்துக்குத் தாராளம். வேகத்துக்காகச் செய்த வண்டி வேண்டாம். பிள்ளைகளுக்கு என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகும், விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறும் உள்ள சின்ன வண்டி. அப்போதும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இரண்டாவது, உதிரிப்பாகம். விலை மலிவாக வருகிற பல வண்டிகளுக்குப் பிறகு ஒரு பிரேக் கட்டை கிடைக்காது. செயின், பேட்டரி, கார்புரேட்டர், பிரேக் ஆகியவற்றுக்கு உக்கடத்திலோ பொள்ளாச்சியிலோ மாற்று கிடைக்குமா என்று உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வாங்குங்கள். பழைய வண்டியென்றால் முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கும்.

மூன்றாவது, காற்று. பஞ்சர் கடையில் பழக்கத்தில் முப்பது பவுண்டு பிடித்துவிடுவார்கள். இந்த டயருக்குப் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். காற்று கூடினால் வண்டி பந்து மாதிரி துள்ளும்.

நான்காவது, பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். அந்த நீளமான சீட், ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து சமன் செய்வதற்கு. டி.வி.எஸ். 50இல் குடும்பமே போன பழக்கத்தில் பேத்தியை முன்னால் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

ஐந்தாவது, ரோடு. அமெரிக்காவில் அந்த ஒப்பந்தம் வந்த அதே 1988இல்தான் நம் மோட்டார் வாகனச் சட்டமும் வந்தது. பதிவு எண் இல்லாத வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ரோடு இருந்தால் குறுக்கே போவதும் அதில் அடங்கும். விளையாட்டுக்கு விற்கும் ஏ.டி.வி.க்களுக்குப் பதிவு கிடையாது. 2019இல் செய்த திருத்தப்படி, 18 வயது நிரம்பாதவர் ரோட்டில் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. காட்டு எல்லைப் பக்கம் போகவே வேண்டாம். அது யானையின் தடம்.

கடைசியாக, கிணறு. நம் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் எத்தனை! இட்டேரி திரும்புகிற இடத்திலேயே சில இருக்கும். அமெரிக்கக்காரன் எழுதிய எச்சரிக்கைப் பட்டியலில் இது இருக்காது. நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னபோது மாப்பிள்ளை எழுந்து போய்த் தோப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவர்கள் கிணற்றுக்கும் வடக்குப் பக்கம் சுவர் இல்லை. பழைய சுவர் மழையில் சரிந்து நாலைந்து வருடம் ஆகிறது.

நேற்று இரவு மகள் போன் செய்தாள். 90 சிசி வண்டிக்குத்தான் சொல்லியிருக்கிறார்களாம். ஹெல்மெட் இல்லாமல் சாவி கிடையாது என்று அவள் உத்தரவு. தென்னந்தோப்பில் மட்டையும் தேங்காயும் விழுகிற இடத்தில் அது இரண்டு விதத்திலும் நல்லது. பெரிய வண்டிக்கு ஒதுக்கியதில் மிச்சமான பணத்தில் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை. வண்டி வருவதற்கு முன்பே கிணற்றுச் சுவர் எழும்பிவிடும் போலிருக்கிறது.

பேரன் போனை வாங்கி, "அப்புச்சி, வண்டி வந்ததும் பிரிச்சுப் பாக்கலாங்களா?" என்று கேட்டான். நாயுடு கதை அவனுக்குள் இறங்கியிருக்கிறது. மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பிரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் முதலில் ஓட்டிய வண்டி எது, யார் பழக்கிவிட்டார்கள் என்று எழுதுங்கள். படித்துத் தெரிந்துகொள்கிறேன்.